பற்றை வெட்டப் போனவருக்கு வந்த காய்ச்சல்

கேள்வி: யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கில் படையினரிடமிருந்து விடுவிக்கப்பட்ட காணிகளைத் துப்புரவாக்கிக் கொடுக்கும் வேலையைக் கொந்தராத்து எடுத்துச் செய்கிறேன். நான்கு ஆண்களும் மூன்று பெண்களும் நாட்சம்பளத்துக்கு என்னோடு வேலை செய்கிறார்கள். போன மாரியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. பாமசியில் குளிசை வாங்கிப் போட்டார். ஒரு கிழமையாகியும் விடவில்லை, கடைசியில் வாட்டில் மறித்துவிட்டார்கள். கமக்கட்டில் கறுத்தப் பொருக்கு ஒன்று இருந்ததாம், உண்ணிக்காய்ச்சல் என்றார்கள். அந்தக் காணியில் ஆடு மாடு எதுவும் இல்லை. பிறகு உண்ணி எங்கிருந்து வந்தது? போன கிழமை இன்னொருவருக்குக் கண்ணில் எருக்கலம்பால் தெறித்தது. கழுவிவிட்டு வேலை செய்தார், இப்போது அந்தக் கண் கொஞ்சம் மங்கலாம். பெண்களில் ஒருவருக்குப் பார்த்தீனியம் பிடுங்கிய நாளிலிருந்து கண்மடல் வீங்கிச் சொறிகிறது. மண்ணெண்ணெய் பூசிக்கொண்டு போனால் ஒன்றும் வராது என்கிறார்கள், உண்மையா? வேலைக்கு வரும் ஒருவர் தன் நாயையும் கூட்டிவருகிறார், அதை விடலாமா? காணிக்காரர் மேலதிகமாக ஒரு சதமும் தரமாட்டார் என்பதையும் கவனத்தில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, முதலில் அந்தக் கண்ணைப் பார்ப்போம். காய்ச்சலைப் பற்றி நிறைய எழுதிவிட்டு அதை இடையில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அவசரமாகப் படுவது அதுதான். எருக்கலம்பால் பட்டால் தொடக்கத்தில் எரியும், கொஞ்ச நேரத்தில் எரிவு அடங்கிவிடும். அந்தப் பாலுக்குக் கருவிழியை மரக்கவைக்கும் குணம் உண்டு. நோ இல்லை, ஆகவே சுகம் என்று நினைத்து ஆள் திரும்பவும் கத்தியை எடுத்துவிடுவார். ஆனால் பால் கருவிழியின் உட்படை வரை ஊறி அதை வீங்கவைக்கும், பார்வை மங்கும். பெரும்பாலும் சரியான துளிமருந்தோடு பார்வை திரும்பிவிடுகிறது. ஆனால் அது எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைக் கண்ணைக் கருவியால் பார்த்த வைத்தியர்தான் சொல்லவேண்டும். கடிதம் எழுதி இந்தப் பதில் வருவதற்குள் அவர் போயிருக்காவிட்டால், நாளைக் காலை வேலைக்கு வருமுன் கண் கிளினிக்குக்கு அனுப்புங்கள். வீட்டில் யாரோ பாவித்து மீந்த துளிமருந்தை விடவேண்டாம். தாய்ப்பால், நல்லெண்ணெய், எதுவும் வேண்டாம்.

இனிமேல் பால் தெறித்தால் அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே கழுவவேண்டும். முகத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளி அடிப்பதை நான் கழுவுவதாகச் சொல்லவில்லை. இமையை விரலால் விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைப் பதினைந்து இருபது நிமிடம் ஓடவிடவேண்டும். பாழடைந்த காணியில் கிணறு இருந்தாலும் அது பாவிக்கிற நிலையில் இருக்காது. ஆகவே குடிக்கிற தண்ணீரைத் தவிர்த்து, கண்ணுக்கும் கைக்குமென்று தனியாக இரண்டு கான் தண்ணீரும் ஒரு சவர்க்காரக் கட்டியும் ஒவ்வொரு நாளும் காணிக்குப் போகவேண்டும். சதுரக்கள்ளி, திருகுகள்ளிப் பாலுக்கும் இதே வைத்தியம்தான். கடல்நீரேரிக் கரையோரம் வேலை கிடைத்தால் தில்லை மரத்தில் கவனம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே மோசம், தோலில் பட்டால் கொப்பளிக்கும். புல்லு வெட்டும் மெசின் பாவிக்கிறவருக்கு ஆபத்து இன்னும் கூட. கத்தியால் வெட்டினால் பால் சொட்டும், மெசினால் வெட்டினால் முகம் முழுக்கத் தெறிக்கும். ஹாட்வெயார் கடையில் விற்கிற, பக்கமும் மூடிய கண்ணாடி ஒன்று போட்டிருந்தால் உங்கள் ஆளுக்கு இந்தக் கதி வந்திருக்காது.

சரி, காய்ச்சலுக்கு வருவோம்.

உங்கள் ஆளுக்கு அந்தக் காய்ச்சலைக் கொடுத்தது மாட்டிலும் நாயிலும் நாங்கள் காணும் உண்ணி அல்ல. அது மண்ணிலும் புல்லடியிலும் வாழும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. அரை மில்லிமீற்றரும் இராது, கண்ணுக்குப் பிடிபடாது. வாழ்க்கையில் ஒரேயொரு தடவை, குஞ்சாக இருக்கும்போது மட்டும், ஏதாவது ஒரு விலங்கில் ஏறித் திசுநீரை உறிஞ்சும். வழக்கமாக அந்த விலங்கு எலி. புல்லுக்குள் நீங்கள் காலை வைத்தால் உங்களிலும் ஏறும். அதனால் ஆடு மாடு இல்லாத காணி என்பது பாதுகாப்பு ஆகாது. முப்பது வருடம் ஆள் நடமாட்டமில்லாமல் எலியும் பற்றையுமாகக் கிடந்த காணிதான் அதற்கு வாய்ப்பான இடம். குறிப்பாக, பற்றை முடிந்து புல்வெளி தொடங்கும் ஓரங்கள். நீங்கள் வெட்டத் தொடங்குவதும் அங்கேதான்.

இது புது நோயல்ல. இரண்டாம் உலகப்போரில் பர்மாக் காடுகளில் ஏராளமான படைவீரர்களை விழுத்தியது இதுதான். இலங்கையில் இது பதிவாகும் மாவட்டங்களில் யாழ்ப்பாணம் முன்வரிசையில் நிற்கிறது, மாரி காலத்தில் கூடுதலாக வருகிறது. அப்படியிருந்தும் காய்ச்சல் என்றவுடன் எல்லோருக்கும் டெங்கு மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

கடித்த நேரம் எதுவும் தெரியாது. கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று கிழமைக்குள், பொதுவாகப் பத்து நாளளவில், காய்ச்சல் தொடங்கும். தலையிடி கடுமையாக இருக்கும், உடம்பு முழுக்க உளையும், கண் சிவக்கும், சிலருக்குத் தோலில் சிவப்புப் படரும். கடித்த இடத்துக்குப் பக்கத்தில் நெறி கட்டும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்தப் பொருக்கு வரும். எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வந்தால் அதைப் போல் பெரிய தடயம் வேறில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு வருமுன்பே அதைப் பார்த்து வைத்தியர் மருந்து தொடங்கிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால் அந்தப் பொருக்கு நோகாது, சொறியாது. கமக்கட்டு, கவட்டுப்பக்கம், மார்புக்குக் கீழ், இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம், காதுக்குப் பின் என்று உடுப்பு இறுக்குகிற, வேர்க்கிற, மறைவான இடங்களில்தான் இருக்கும். நோயாளிக்கே தெரியாது. தெரிந்தாலும், காய்ச்சலுக்கும் இந்தப் பருவுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லமாட்டார். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் எல்லோரையும் உடுப்புக் களைந்து பார்க்க வைத்தியருக்கும் நேரம் இருப்பதில்லை. ஒரு பெண் தன் மார்புக்குக் கீழே உள்ளதைத் தானாகக் காட்டுவாரா? காட்டமாட்டார். ஆகவே உங்கள் ஏழு பேருக்கும் நீங்கள் இதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். காய்ச்சல் வந்தால் வீட்டில் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை வைத்து உடம்பு முழுக்கப் பாருங்கள். வைத்தியரிடம் போனதும் அவர் கேட்கும்வரை காத்திராமல் "நான் பற்றை வெட்டுகிற வேலை செய்கிறேன்" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். பொருக்கு இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் பெண் வைத்தியரையோ தாதியையோ பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். பெண்களுக்கு இதை நீங்கள் சொல்வது சங்கடமென்றால், அவர்களில் மூத்தவரிடம் ஒருதரம் விளங்கப்படுத்திவிடுங்கள். அவர் மற்றவர்களுக்குச் சொல்லுவார்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? மருந்து மலிவு, எங்கும் கிடைக்கும். டொக்சிசைக்கிளின். வேளைக்குத் தொடங்கினால் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்போம். பாமசியில் வாங்கிப் போடும் அமொக்சிசிலின் வகை இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. உங்கள் ஆள் குடித்த குளிசை என்னவென்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஒரு கிழமை அதில் போயிருக்கிறது. அந்த ஒரு கிழமையில்தான் இந்த நோய் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போகிறது. சிலருக்குக் காது மந்தமாகும், சிலர் இறந்தும் போகிறார்கள். ஒருதரம் வந்தால் இனி வராது என்றும் இல்லை. தடுப்பூசியும் இல்லை. ஆனால் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது. அவர் சுகமாகி வந்தபின் பக்கத்தில் இருந்து சாப்பிட யாரும் தயங்கத் தேவையில்லை.

இன்னொன்று. மாரியில் வெள்ளம் நிற்கும் காணியில், புண்ணுள்ள காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சலும் வரும். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் அடுத்தடுத்து ஆட்கள் இறந்து, என்ன காய்ச்சலென்று ஊரே பயந்திருந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். கடைசியில் அது எலிக்காய்ச்சலென்று தெரிந்தது. அதற்கு முன்கூட்டியே போடும் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பெறலாம். சேற்றில் இறங்குகிற வேலையா, உங்கள் ஆட்களுக்குத் தேவையா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். நீங்களாக வாங்கி எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்காதீர்கள்.

தடுப்பது எப்படி? மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது தோலைப் புண்ணாக்கும், வேர்வையோடு வழிந்து போகும், பக்கத்தில் குப்பை எரியும்போது என்ன ஆகுமென்று நான் சொல்லத் தேவையில்லை. உடுப்புத்தான் முதல் காவல். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்போடு பற்றைக்குள் போகிற பழக்கத்தை நிறுத்துங்கள். நீளக் காற்சட்டை, அதன் நுனியை உள்ளே விட்டு மேலே இழுத்த மேசு, முழங்கால்வரை வரும் றப்பர் சப்பாத்து, நீளக்கைச் சேட்டு, சேட்டின் நுனி காற்சட்டைக்குள். பெண்கள் பாவாடைக்கு உள்ளே காற்சட்டை போட்டுக்கொண்டால் அதுவும் சரி. வெளிர் நிறமாக இருந்தால் பெரிய உண்ணி ஊர்ந்தால் தெரியும். சப்பாத்து சுருட்டைக்கும் புடையனுக்கும்கூட உதவும், அதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாகதாளி முள்ளுக்கும் அதுதான். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டார்கள் என்று ஏழு பேரிடமும் கேட்டு வையுங்கள். நுளம்புக்குப் பூசும் பூச்சு வாங்கினால் பின்பக்கம் பார்த்து, டீட் என்ற மருந்து 20 சதவீதத்துக்குக் குறையாததாக வாங்குங்கள். கணுக்காலிலும் மேசின் விளிம்பிலும் இடுப்பிலும் பூசினால் போதும். முகத்தில், புண்ணில் பூசவேண்டாம்.

சாப்பாட்டு நேரத்தையும் கவனியுங்கள். வெட்டிய புல்லுக்கு மேல், மர நிழலில் துவாயை விரித்துப் படுப்பதுதான் எங்கள் வழக்கம். அதைவிட இந்தச் சிற்றுண்ணிக்கு வசதியான விருந்து கிடையாது. ஒரு தறப்பாளை விரித்து அதில் இருங்கள். கழற்றிய சேட்டைப் புல்லில் போடாமல் கொடியில் தொங்கவிடுங்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் மலிவானது குளியல். சிற்றுண்ணிக் குஞ்சு உடம்பில் ஏறியதும் உடனே கடிப்பதில்லை. இடம் தேடிச் சில மணித்தியாலம் அலையும். வேலை முடிந்ததும் அந்த நேரத்துக்குள் சவர்க்காரம் போட்டு, துணியால் தேய்த்துக் குளித்தால் பெரும்பாலானவை போய்விடும். வீட்டுக்குப் போய், பிளேன்ரீ குடித்து, ரீவி பார்த்து, இரவு குளிப்பதில் பயனில்லை. வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு போடாமல், தனியாக வெந்நீரில் ஊறவைத்துத் தோய்த்து வெயிலில் காயவிடவேண்டும். அதே உடுப்பை அடுத்த நாளும் போட்டுக்கொண்டு வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள்.

பெரிய உண்ணி ஒன்று தோலைக் கவ்விக்கொண்டிருந்தால் சுண்ணாம்பு, நெருப்புக்குச்சி, மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டாம். சாவணத்தால் தோலை ஒட்டி, அதன் வாயருகே பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுக்கவேண்டும். வயிற்றை நசித்தால் அதன் உள்ளே இருப்பது உங்கள் உடம்புக்குள் போகும். கழுவிவிட்டு, கலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் அந்தத் தேதி வைத்தியருக்கு உதவும். காதுக்குள் புகுந்திருந்தால் தொடாதீர்கள். குச்சி விட்டுக் கிண்டிச் செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பார்த்தீனியத்துக்கு வருவோம். 1987இல் வந்த இந்தியப் படையினரின் ஆடுகளோடு இது வந்ததென்று ஊரில் சொல்லுவார்கள். எப்படி வந்ததோ, இப்போது ஒழுங்கை ஓரமெல்லாம் அதுதான். உங்களோடு வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்கு வந்திருப்பது ஒவ்வாமை என்றுதான் வர்ணனையிலிருந்து தெரிகிறது. கண்மடல், கழுத்து, முழங்கை மடிப்பு என்று வரும். பல மாதம் ஒன்றுமில்லாமல் பிடுங்கிக்கொண்டிருந்தவருக்கும் ஒருநாள் தொடங்கும். தொடங்கினால் பிறகு விடாது, ஒவ்வொரு முறையும் முன்னையதைவிடக் கூடும். கையுறை போட்டால் போதுமென்று நினைக்காதீர்கள். சோளகக் காற்றில் பறக்கும் அதன் தூளும் மகரந்தமும் முகத்தில் படிந்தாலே போதும். அவரை அந்தச் செடி உள்ள காணிக்கு இனிக் கூட்டிப்போகாதீர்கள். சம்பளத்தை வெட்டாமல் வேறு வேலை கொடுங்கள். செவ்வந்தியும் அதே குடும்பம் என்பதால் பூமாலை கட்டும்போதும் அவருக்குச் சொறியலாம், சொல்லி வையுங்கள். கண்மடலுக்குப் பாமசியில் தாங்களாக வாங்கும் ஸ்டீரொயிட் களிம்பு ஆபத்து, தோல் கிளினிக்கில் காட்டட்டும். மற்றவர்கள் பிடுங்குவதென்றால் மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, பூக்குமுன், கையுறையோடு வேரோடு பிடுங்கவேண்டும். பூத்ததை மெசினால் அடித்தால் விஷத்தைத் தூளாக்கி ஊருக்கே தூவுகிறோம்.

பூனைக்காலியின் கதை வேறு. அது ஒவ்வாமை அல்ல, காயின் மேலுள்ள சுணை தோலில் குத்தி நிற்பது. யாருக்குப் பட்டாலும் சொறியும். கையால் தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். செலோரேப்பை ஒட்டி உரித்து எடுங்கள், இரண்டு மூன்று தரம். பிறகு தண்ணீர் ஓடவிட்டுக் கழுவுங்கள். முருங்கையில் மொய்க்கும் மசுக்குட்டி பட்டாலும் இதேதான். காஞ்சோன்றியை நீங்கள் அறிவீர்கள். அது சில மணித்தியாலத்தில் தானாக அடங்கும். மாமரம் தறிப்பவர்கள் மாம்பாலைக் கவனிக்கவேண்டும், சிலருக்குக் கொப்பளித்துப் புண்ணாகும். கார்த்திகைக் கிழங்கையும் மஞ்சள் அலரியையும் தொடுவதால் பெரிய ஆபத்தில்லை, ஆனால் அந்தக் கையோடு சாப்பிடக்கூடாது. கிண்டும்போது வந்த கிழங்கைச் சுட்டுப் பார்ப்போமென்று யாரும் எடுத்துப்போகவும் கூடாது.

வெட்டியதைக் குவித்துக் கொளுத்துவது உங்கள் தொழிலில் வழக்கம். தில்லை, கள்ளி, பார்த்தீனியம் உள்ள குவியலைக் கொளுத்தவேண்டாம். புகையோடு அதுவும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வரும். குழி வெட்டித் தாழ்க்கலாம். விடுவிக்கப்பட்ட காணி என்பதால் இன்னொரு காரணமும் உண்டு: வெடிபொருள் அகற்றி ஒப்படைத்த காணியாக இருந்தாலும், நெருப்பு வைத்தபின் மண்ணுக்குள் இருந்தது வெடித்த சம்பவங்கள் வடக்கில் நடந்திருக்கின்றன.

காணிக்காரர் ஒரு சதமும் தரமாட்டார் என்கிறீர்கள். அவரிடம் தனியாகக் கேட்டால் தரமாட்டார்தான். சப்பாத்து, கையுறை, கண்ணாடி, தண்ணீர் கான், குளிக்கும் நேரத்துக்கான கூலி, எல்லாவற்றையும் பரப்புக்கு இவ்வளவு என்று நீங்கள் சொல்லும் விலைக்குள்ளேயே போடுங்கள். மெசினுக்கு எண்ணெய் ஊற்ற அவரிடம் தனியாகக் கேட்கிறீர்களா என்ன? வேலையின்போது ஆளுக்குச் சேதம் வந்தால் பொறுப்பு யாருடையது என்பதற்கு 1934இலிருந்தே நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. நாட்சம்பளம் என்று சொல்லித் தப்பலாமென்று நினைக்கவேண்டாம், தொழில் திணைக்களத்தில் ஒருதரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த நாய். பாம்பு இருந்தால் குரைத்துக் காட்டும் என்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், அதில் தவறில்லை. ஆனால் பற்றைக்குள் ஓடித்திரிந்துவிட்டு, உடம்பு நிறைய உண்ணியோடு வந்து சாப்பிடுகிறவர்களின் மடியில் படுக்கக்கூடாது. மிருக வைத்தியரிடம் காட்டி உண்ணிக்கு மருந்து போட்டபின் கொண்டுவரச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரம் தறப்பாளுக்குத் தள்ளி, கேற்றடியில் கட்டிவிடுங்கள். மாட்டுக்குத் தெளிக்கும் மருந்தை அளவு தெரியாமல் கலந்து நாயைக் குளிப்பாட்டவேண்டாம். அது நக்கும், பிறகு நாயும் இராது.